கறுப்புச் சட்டை போட்ட தேசம்

சீருடையும் சர்வாதிகாரமும் – அத்தியாயம் 7

இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளிக் கிராமங்களில் 1921ஆம் ஆண்டில் நடுராத்திரி லாரிச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு வீடு விளக்கை அணைத்துவிடுவார்கள். வருவது எந்தக் கூட்டம் என்று ஊருக்கே தெரியும். அந்தக் கூட்டத்தில் இருப்பவன் இன்னான் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. லாரியிலிருந்து முப்பது நாற்பது பேர் குதிப்பார்கள். எல்லோருக்கும் கறுப்புச் சட்டை. கையில் உருட்டுக்கட்டை, இடுப்பில் கத்தியோ துப்பாக்கியோ. ஒருவன் கையில் பெயர்ப்பட்டியல். கூலி விவசாயிகள் சங்கச் செயலாளரின் வீட்டுக் கதவை உடைத்து, பெண்டாட்டி பிள்ளைகள் கண்ணெதிரே அவரைத் தெருவுக்கு இழுத்து வருவார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவன் மூக்கை அடைக்க, இன்னொருவன் அவர் வாயில் விளக்கெண்ணெயை ஊற்றுவான். நம் வீட்டுப் பாட்டிமார் வயிறு கழிய ஒரு கரண்டி கொடுக்கும் எண்ணெயை அங்கே அரை லிட்டர், சில நேரம் அதற்கும் மேலே ஊற்றினார்கள். உடம்பின் நீரெல்லாம் வற்றிச் செத்தவர்களும் உண்டு. பிழைத்தவர்கள், நனைந்த கால்சட்டையோடு ஊர் நடுவே நடந்து வீடு திரும்பவேண்டும். அந்த அவமானத்துக்குப் பிறகு பலர் சங்கத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

திரும்பிப் போகும் வழியில் சங்கக் கட்டிடத்துக்குத் தீ வைப்பார்கள். 1921இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் 119 தொழிலாளர் மன்றங்களும் 107 கூட்டுறவுச் சங்கங்களும் இப்படி அழிக்கப்பட்டன என்று ஆஞ்ஜெலோ தாஸ்கா தமது வரலாற்று நூலில் கணக்குத் தருகிறார். தாஸ்கா இத்தாலியக் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த நாட்களை உள்ளிருந்தே பார்த்தவர்.

இந்தக் காரியத்தில் சட்டைக்கு இருந்த வேலையைக் கவனிக்கவேண்டும். அடிக்க வருபவர்களைப் பெரும்பாலும் பக்கத்து ஊரிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். பெராராவிலிருந்து ஒரு கும்பல் வரும், பொலோஞாவிலிருந்து ஒரு கும்பல் போகும். முகம் தெரியாது. மறுநாள் காவல் நிலையத்தில் அடிபட்டவர் என்ன அடையாளம் சொல்வார்? கறுப்புச் சட்டை போட்டவன் என்பார். நூறு பேர் அதே சட்டை போட்டிருக்கும் ஊரில் அது அடையாளமே ஆகாது. சட்டை போட்டவனுக்கோ அது வேறொரு துணிச்சலைத் தந்தது. தனியாளாகப் பக்கத்து வீட்டுக்காரரை ஓங்கி அறையத் தயங்குகிற கல்லூரி மாணவன், அதே சட்டை போட்ட முப்பது பேரோடு போய் ஒரு தாத்தாவை அடித்துக் கையை ஒடித்தான். குற்றத்தை முப்பது பங்காகப் பிரித்துக்கொடுத்தது அந்தச் சட்டை.

போலீஸ்? சில ஊர்களில் போலீஸே லாரி கொடுத்தது. ராணுவ அதிகாரிகள் துப்பாக்கி கொடுத்தார்கள். நிலச்சுவான்தார்கள் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்தபின் கூலி விவசாயிகள் சங்கம் சேர்ந்து, வேலைநாளையும் கூலியையும் தாங்களே நிர்ணயிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தார்கள். அதைப் பொறுக்க முடியாத பண்ணையார்கள் வாங்கிக்கொண்ட கைகள்தான் அந்தக் கறுப்புச் சட்டைக்காரர்கள். பாசிசம் என்றதும் மேடை, பால்கனி, முசோலினியின் தாடை என்று மட்டுமே நினைவுக்கு வருமானால் இந்த லாரிகளை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். பால்கனிக்கு முன்னால் லாரிதான் வந்தது.

முசோலினி இந்த உடையைக் கண்டுபிடிக்கவில்லை. இரவல் வாங்கினார். முதல் உலகப் போரில் இத்தாலிய ராணுவம் 1917இல் ‘அர்தித்தி’ என்ற அதிரடிப் படையை அமைத்தது. பதுங்குகுழியிலிருந்து பதுங்குகுழிக்குப் பாய்ந்து கையெறிகுண்டாலும் கத்தியாலும் சண்டை போடுவது அவர்கள் வேலை. கழுத்துப்பட்டையில் கறுப்புத் தீச்சுடர், தலையில் குஞ்சம் வைத்த கறுப்புக் குல்லா, பல்லில் கத்தியைக் கடித்த மண்டையோட்டுச் சின்னம். சாவுக்குத் துணிந்தவர்கள் என்பதற்கான அடையாளம் அது. போர் முடிந்ததும் இந்தப் படை கலைக்கப்பட்டது. கொலையில் பயிற்சி பெற்ற இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள் ஊர் திரும்பினார்கள். வேலை இல்லை, மரியாதையும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. 1919 மார்ச் 23 அன்று மிலான் நகரின் சான் செபோல்க்ரோ சதுக்கத்துக் கட்டிடம் ஒன்றில் முசோலினி தம் இயக்கத்தைத் தொடங்கியபோது வந்து உட்கார்ந்தவர்களில் அந்த அர்தித்திக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். சட்டை, குல்லா, மண்டையோடு, பாட்டு எல்லாம் அவர்களோடு கூடவே வந்தன.

அதே ஆண்டு செப்டம்பரில் கவிஞர் காப்ரியேலே டானுன்சியோ ஒரு படையோடு போய் பியூமே துறைமுக நகரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு டிசம்பர் வரை அங்கே ராஜ்யம் நடத்தினார். பால்கனியில் நின்று கூட்டத்திடம் கேள்வி கேட்பது, கூட்டம் ஒரே குரலில் பதில் கத்துவது, கையை நீட்டிப் போடும் ரோமானிய வணக்கம், இவையெல்லாம் அந்த நகரத்தில் ஒத்திகை பார்க்கப்பட்டவை. முசோலினி அவற்றையும் எடுத்துக்கொண்டார்.

அரசியலுக்குச் சட்டை போடும் பழக்கமும் இத்தாலியர்களுக்குப் புதிதில்லை. கரிபால்டியின் செஞ்சட்டைப் படை அவர்கள் பள்ளிப் பாடம். 1843இல் உருகுவே நாட்டின் மொண்டேவீடியோவில் கரிபால்டி இத்தாலியப் படை ஒன்றைத் திரட்டியபோது, இறைச்சிக் கூடத் தொழிலாளர்களுக்கென்று நெய்து வைத்திருந்த சிவப்புச் சட்டைகள் மலிவாகக் கிடைத்தன, அவற்றை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சட்டை 1860இல் சிசிலியில் இறங்கி ஒரு மன்னராட்சியைச் சாய்த்தது. தாத்தா காலத்தில் சிவப்பு தேசத்தைச் சேர்த்தது, இப்போது கறுப்பு காப்பாற்றுகிறது என்று பாசிஸ்டுகளால் எளிதாகச் சொல்ல முடிந்தது. கரிபால்டியின் ஆட்கள் ஆயுதம் தாங்கிய படைகளை எதிர்த்துப் போனார்கள். இவர்கள் கூலிக்காரன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல அன்றைய பெரிய பத்திரிகைகள் பலவற்றுக்கு வாய் வரவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. கருஞ்சட்டை என்றதும் தமிழ் வாசகருக்குப் பெரியாரின் கருஞ்சட்டைப் படைதான் கண்முன் வரும். நிறம் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. சாதியால் சுமத்தப்பட்ட இழிவின் அடையாளமாகப் பெரியாரின் தொண்டர்கள் கறுப்பை அணிந்தார்கள். இத்தாலியின் கறுப்பு அடுத்தவனை இழிவுபடுத்தப் புறப்பட்டது.

மறுபடி 1921க்கு வருவோம். அந்த ஆண்டு டிசம்பரில் பிரதமர் போனோமியின் அரசு ஒரு காரியம் செய்தது. ஆயுதக் குழுக்களைக் கலைக்கும்படி மாவட்ட நிர்வாகிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பாசிஸ்டுக் கட்சியின் செயலாளர் மிக்கேலே பியாங்கி அதே மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் இனி அதிரடிக் குழுவின் உறுப்பினரே. குழுவைக் கலைக்கவேண்டுமானால் கட்சியையே கலைக்கவேண்டும், முடிந்தால் செய்து பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். அரசு கையைக் கட்டிக்கொண்டது. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எந்த நாட்டிலும் இவ்வளவு தெளிவான சவால் இவ்வளவு தெளிவாக விழுங்கப்பட்டதில்லை. சர்வாதிகாரத்துக்குக் கதவு திறந்துவிடப்பட்ட நாள் என்று நான் கருதுவது ரோமாபுரி ஊர்வலம் நடந்த நாளை அன்று. இந்தச் சுற்றறிக்கை குப்பைக் கூடைக்குப் போன நாளைத்தான்.

எதிர்த்து நின்ற இடங்களில் கறுப்புச் சட்டை பின்வாங்கவும் செய்தது. 1922 ஜூலை கடைசியில் பாசிஸ்டுத் தலைவர் இத்தாலோ பால்போ ராவென்னா, ஃபோர்லி மாவட்டங்கள் வழியே லாரி வரிசையை நடத்திப் போனார். போன வழியை எரியும் கட்டிடங்களின் புகையே காட்டிற்று என்று பெருமையோடு தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சில நாட்களில் அதே பால்போ ஆயிரக்கணக்கானவர்களோடு பார்மா நகரத்துக்குப் போனார். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஓல்த்ரெதொரெந்தே என்ற ஏழைகள் பகுதியில் சனங்கள் தெருக் கற்களைப் பெயர்த்து, கட்டிலையும் தேவாலயப் பெஞ்சுகளையும் போட்டுத் தடுப்பரண் கட்டியிருந்தார்கள். தலைமை தாங்கியவர் குயிதோ பிசெல்லி. அவரோடு நின்றவர்கள் ‘மக்களின் அர்தித்தி’ என்ற அமைப்பினர். அதே போரில், அதே அதிரடிப் படையில் இருந்தவர்கள் பலர் அந்த அமைப்பில் இருந்தார்கள். சில நாட்கள் முட்டி மோதிவிட்டுப் பால்போ திரும்பிப் போனார். பார்மா மக்கள் இந்த ஆகஸ்ட் நாட்களை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள்.

அந்த அக்டோபரில் நடந்த ரோமாபுரி ஊர்வலத்தைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் நிறையச் சொல்லிவிட்டன. நான் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊர்வலம் வந்தவர்கள் மழையில் நனைந்து, பசியோடு நகரத்துக்கு வெளியே நின்றார்கள். பலர் கையில் தடியைத் தவிர ஒன்றுமில்லை. உள்ளே முறையான ராணுவம் தயாராக இருந்தது. பிரதமர் ஃபக்தா நெருக்கடிநிலைப் பிரகடனத்தை அக்டோபர் 28 காலையில் எடுத்துப் போனபோது மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போட மறுத்தார். 30ஆம் தேதி முசோலினி பிரதமராகப் பொறுப்பேற்க மிலானிலிருந்து படுக்கை வசதியுள்ள ரயிலில் வந்து சேர்ந்தார். கறுப்புச் சட்டையோடுதான் அரண்மனைக்குள் நுழைந்தார் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தி. மறுநாள் கறுப்புச் சட்டைக்காரர்கள் மன்னர் பார்க்க நகரத்தில் அணிவகுத்தார்கள். மழையில் நின்ற கும்பல் படையாகிவிட்டது.

படையானது வெறும் பேச்சுக்கு இல்லை. 1923 ஜனவரியில் வந்த ஆணை அந்தக் குழுக்களையெல்லாம் ‘தேசப் பாதுகாப்புத் தொண்டர் படை’ என்று பெயர் மாற்றி அரசுச் சம்பளப் பட்டியலில் சேர்த்தது. பிப்ரவரி 1 முதல் அது இயங்கத் தொடங்கியது. பழைய ரோமாபுரியின் பெயர்களைத் தோண்டி எடுத்தார்கள்: படைப்பிரிவுக்கு லெஜியன், அதிகாரிக்குக் கான்சல், செஞ்சூரியன். நேற்றுவரை தீ வைத்தவன் இன்று அந்த ஊர்ச் சந்தையில் ரோந்து வந்தான். அவன் யார் கதவை உடைத்தானோ அவர் இப்போது அவனுக்கு வணக்கம் சொல்லவேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பெராரா மாவட்டத்தின் அர்ஜெந்தா ஊர்ப் பங்குத்தந்தை ஜொவான்னி மின்ஸோனி தெருவில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம், ஊர்ப் பையன்களைக் கத்தோலிக்கச் சாரணர் அமைப்பில் சேர்த்தது. பையன்களின் உடம்பில் எந்தச் சட்டை ஏறவேண்டும் என்பதற்காக ஒரு பாதிரியார் செத்தார். அடுத்து வரப்போவதற்கு அது முன்னறிவிப்பு.

1926 ஏப்ரல் 3 அன்று ‘பலில்லா’ என்ற சிறுவர் அமைப்பு சட்டப்படி தொடங்கியது. 1746இல் ஜெனோவாவில் ஆஸ்திரியப் படையின் மீது முதல் கல்லை எறிந்ததாகச் சொல்லப்படும் சிறுவனின் பட்டப்பெயர் அது. எட்டு முதல் பதினான்கு வயதுவரை பலில்லா. பிறகு பதினெட்டுவரை முன்னணிப் படையினர். சில ஆண்டுகள் கழித்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்து ‘ஓநாயின் மக்கள்’ என்று பெயர் வைத்தார்கள். ரோமுலஸுக்கும் ரெமுஸுக்கும் பால் கொடுத்த ஓநாய்தான் அது.

ஒரு பலில்லாச் சிறுவன் சனிக்கிழமை உடுத்திக்கொள்வதைக் கற்பனை செய்துபாருங்கள். முதலில் கறுப்புச் சட்டை. அடுத்து, முட்டிக்கு மேலே நிற்கும் சாம்பல்பச்சை அரைக்கால் சட்டை. இடுப்பில் கறுப்புத் துணிப் பட்டை. கழுத்தைச் சுற்றி நீலக் கைக்குட்டை; அதன் முடிச்சைப் பிடித்திருக்கும் வில்லையில் முசோலினியின் முகம். தலையில் குஞ்சம் தொங்கும் கறுப்புக் குல்லா. அவனுடைய ஆறு வயதுத் தம்பிக்கு மார்பில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெள்ளைப் பட்டைகள்; அவை சந்திக்கும் இடத்தில் முசோலினியின் பெயரின் முதலெழுத்துப் பொறித்த பெரிய உலோகக் கொக்கி. தங்கைக்கு வெள்ளை மேற்சட்டை, கறுப்பு மடிப்புப் பாவாடை. அவள் பெயர் ‘சின்ன இத்தாலியப் பெண்’. அவள் கையில் துப்பாக்கி இல்லை; வீரர்களைப் பெறுவதற்கு அவளைத் தயார் செய்தார்கள். அண்ணன் கையில் துப்பாக்கி உண்டு. ராணுவத்தின் 1891 மாடல் கார்கானோ துப்பாக்கியை அப்படியே சின்னதாக்கிப் பையன்களுக்கென்றே செய்தார்கள். தலைவரின் கட்டளைகளை நிறைவேற்றுவேன், வேண்டுமானால் என் ரத்தத்தையும் தருவேன் என்று எட்டு வயதில் உறுதிமொழி.

அர்தித்திக்காரனின் உடையையும் இந்தக் குழந்தையின் உடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்புச் சட்டை, குஞ்சக் குல்லா, ஆயுதம். பதுங்குகுழிக்குள் கத்தியோடு பாய்ந்தவனின் வேஷத்தைப் பத்து வருஷத்துக்குள் பள்ளிக்கூடத்துப் பையனுக்குப் போட்டுவிட்டார்கள். இந்த ஆட்சி செய்த பாவங்களில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த பாவம் இது. அதனாலேயே உலகம் இதை ரசித்தது. வெளிநாட்டு விருந்தினர்கள் அணிவகுப்பைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டாம். கடற்கரை முகாம், விளையாட்டு, வாரம் ஒருநாள் படிப்பிலிருந்து விடுதலை. எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது? காகிதத்தில் சேர்வது விருப்பம். சேராத பிள்ளை வகுப்பில் தனியே தெரிந்தான். அவன் அப்பாவின் வேலையையும் யாரோ கவனித்தார்கள்.

போட்டி அமைப்புகளை விட்டுவைக்கவில்லை. 1928இல் சாரணர் இயக்கம் கலைக்கப்பட்டது. ஆனால் மிலானிலும் மோன்ஸாவிலும் இருந்த சில சாரணர்கள் கலைய மறுத்தார்கள். தங்களுக்கு ‘திரியும் கழுகுகள்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கூடு இழந்து திரிகிற கழுகுகள். மலைப் பாதைகளில் ரகசியமாகக் கூடி, தடை செய்யப்பட்ட தங்கள் சாரணர் உடையை அங்கே போட்டுக்கொண்டு முகாம் நடத்தினார்கள். கோதேரா பள்ளத்தாக்கு அவர்களின் மறைவிடங்களில் ஒன்று. பாசிசத்தைவிட ஒருநாளாவது கூடுதலாக நாம் இருக்கவேண்டும் என்பது அவர்கள் வைராக்கியம். 1943க்குப் பிறகு அவர்களும் நண்பர்களும் சேர்ந்து யூதர்களையும் தப்பிய கைதிகளையும் எல்லை கடத்தி ஸ்விட்சர்லாந்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 2,000 பேருக்கு மேல். எல்லாச் சீருடையும் அடிமைத்தனம் என்று சொல்பவர்களுக்கு இந்தப் பையன்களைத்தான் காட்டவேண்டும்.

பிள்ளைகளுக்குப் பிறகு பெரியவர்கள். 1931 டிசம்பரில் கட்சிச் செயலாளரான அகிலே ஸ்தராச்சே, இத்தாலியர் எல்லோரையும் சீருடைக்குள் தள்ளாமல் ஓயமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர். 1935இல் ‘பாசிச சனிக்கிழமை’ சட்டமாயிற்று: மதியத்துக்குப் பின் வேலை கிடையாது, அணிவகுப்பும் பயிற்சியும்தான். கைகுலுக்கக்கூடாது, கையை நீட்டி வணக்கம் போடவேண்டும். கட்சி அதிகாரிகளுக்கு ‘ஓர்பாச்சே’ என்ற சார்டீனியாவின் முரட்டுக் கம்பளித் துணியில் கறுப்பு உடை. 1938இல் அரசு ஊழியர்களுக்கும் சீருடை வந்தது. தபால் இலாகா, வருவாய்த் துறை எதுவும் தப்பவில்லை. கறுப்புச் சட்டை வெறும் உடை கிடையாது, ஒவ்வொரு நாளும் எழுதவேண்டிய ஒரு தேர்வாகிவிட்டது. கட்சி அட்டை இல்லாமல் அரசு வேலை இல்லை. சட்டையில் குத்திய கட்சிச் சின்னத்தை மக்கள் மூட்டைப்பூச்சி என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

பணிய மறுத்தவருக்கு என்ன நடக்கும் என்று காட்டுவதற்கும் தயங்கவில்லை. 1931 மே 14 அன்று பொலோஞாவில் உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் அர்தூரோ தோஸ்கனீனி, கச்சேரிக்கு முன் கட்சிப் பாட்டை வாசிக்க மாட்டேன் என்றார். அரங்க வாசலிலேயே கறுப்புச் சட்டைக்காரர்கள் அவர் கன்னத்தில் அறைந்தார்கள். அப்போது அவருக்கு வயது 64.

எத்தோரே ஸ்கோலாவின் ‘ஒரு சிறப்பு நாள்’ (1977) என்ற படத்தைக் கிடைத்தால் பாருங்கள். 1938 மே 6. ஹிட்லர் ரோம் வந்திருக்கிறார். காலையில் ஒரு குடியிருப்பில் சோபியா லோரன் ஆறு பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிச் சீருடை மாட்டி அனுப்புகிறார். கொஞ்ச நேரத்தில் கட்டிடமே காலி. வாயிற்காப்பாளரைத் தவிர எஞ்சியிருப்பது சமையலறையில் அவளும், எதிர்ப்பக்கத்து வீட்டில் வானொலி வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு மனிதனும்தான். சீருடை இல்லாதவர்களுக்கு அந்த நாட்டில் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தது என்பதை நூறு பக்கம் எழுதினாலும் இப்படிச் சொல்ல முடியாது.

அந்தச் சட்டை வீட்டை விட்டு வெளியே போய்ச் செய்ததைப் பேசாமல் இந்த அத்தியாயத்தை முடிக்கக்கூடாது. இத்தாலியில் பலர் இன்றும் பேசத் தயங்கும் பகுதி இது. 1935 அக்டோபரில் எத்தியோப்பியாமீது படையெடுத்தபோது கறுப்புச் சட்டைப் பிரிவுகளும் போயின. அவற்றுக்குப் பெயராக வைத்தவை தேதிகள்: ‘மார்ச் 23’, இயக்கம் பிறந்த நாள். ‘அக்டோபர் 28’, ரோமாபுரி ஊர்வலம். ‘ஜனவரி 3’, 1925இல் முசோலினி நாடாளுமன்றத்தில் சர்வாதிகாரத்தை அறிவித்த நாள். ‘பிப்ரவரி 1’, தொண்டர் படை தொடங்கிய நாள். தங்கள் காலண்டரையே ஆயுதமாக்கி ஆப்பிரிக்க ஏழைகள்மீது ஏவினார்கள்.

1937 பிப்ரவரி 19. அடிஸ் அபாபாவில் இத்தாலிய ஆளுநர் கிராத்சியானி ஏழைகளுக்குத் தானம் வழங்கும் விழாவில் எரித்திரியாவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் கையெறிகுண்டு வீசினார்கள். கிராத்சியானி காயத்தோடு தப்பினார். உள்ளூர் பாசிஸ்டுக் கட்சித் தலைவர் தம் ஆட்களுக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்தார், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று. கறுப்புச் சட்டைக்காரர்களும் அங்கே குடியேறியிருந்த இத்தாலியர்களும் தடியோடும் பெட்ரோல் டின்னோடும் இறங்கினார்கள். கூரை வீடுகளின் வாசலை அடைத்து, உள்ளே ஆட்கள் இருக்கத் தீ வைத்தார்கள். தானம் வாங்க வந்த முதியவர்களையும் குருடர்களையும் விடவில்லை. எத்தியோப்பிய அரசு இறந்தவர்கள் 30,000 பேர் என்றது. வரலாற்றாசிரியர் இயன் கேம்ப்பெல்லின் ஆய்வு சுமார் 19,000 என்கிறது. போ சமவெளியில் பதினாறு ஆண்டுகளுக்கு முன் பழகிய அதே கை, அதே தடி, அதே பெட்ரோல். கேட்க ஆளில்லாத இடத்தில் அளவு மட்டும் பெருத்துவிட்டது. எத்தியோப்பியா ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 19 அன்று அந்த மூன்று நாட்களை நினைவுகூர்கிறது.

சட்டை போட்டவனையே அது காப்பாற்றவில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. தூரின் நகரத்து யூத வங்கியாளர் எத்தோரே ஓவாட்சா ரோமாபுரி ஊர்வலத்தில் போனவர்; பாசிசத்தை ஆதரிக்க யூதர்களுக்கென்று ஒரு பத்திரிகையே நடத்தினார். 1938இன் இனச் சட்டங்கள் யூதக் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றின, அவரைப் போன்றவர்களைக் கட்சியிலிருந்தும். 1943 அக்டோபரில் அவரையும் அவர் குடும்பத்தையும் ஜெர்மானிய எஸ்.எஸ். படையினர் மஜ்ஜோரே ஏரிக்கரையில் கொன்றார்கள்.

இத்தாலியைப் பார்த்து உலகமெங்கும் சட்டைகள் முளைத்தன. ஜெர்மனியில் பழுப்பு, ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் நீலம், பிரேசிலில் பச்சை, லண்டனில் பாசிஸ்டுத் தலைவர் மோஸ்லியின் கறுப்பு. சட்டம் அவற்றை எப்படி நடத்தியது என்பதில்தான் நாடுகள் வேறுபட்டன. ஜெர்மனியில் 1932 ஏப்ரலில் பழுப்புச் சட்டைப் படைக்குத் தடை வந்தது. ஜூனில் புதிய பிரதமர் பாப்பென் அதை நீக்கினார். ஜூலை 17 அன்று அல்தோனாவில் ஒரே நாள் மோதலில் 18 பேர் செத்தார்கள். பிரிட்டன் 1936இன் பொது ஒழுங்குச் சட்டத்தால் அரசியல் சீருடையையே தடை செய்தது. மோஸ்லியின் ஆட்கள் அதன்பின் சாதாரண உடையில் வந்தார்கள். மிரட்டும் பலம் பாதியாயிற்று. கருத்துச் சுதந்திரத்தில் கைவைக்கலாமா என்ற வாதம் அன்றும் எழுந்தது. ஒருவன் என்ன நினைக்கிறான் என்பதை அரசு தொடக்கூடாது. ஆனால் தன் கட்சிக்காரர்களைப் படையாக அணிவகுக்க வைப்பவன் எதிராளியின் சுதந்திரத்தில் கைவைக்கிறான். பிரிட்டன் செய்தது சரி என்பதே என் எண்ணம்.

இருபது ஆண்டுகள் சட்டை தைத்த தேசம் அதைக் கழற்ற எடுத்துக்கொண்டது ஓர் இரவு. 1943 ஜூலை 24 மாலை பாசிசப் பெருமன்றம் கூடியபோது உறுப்பினர்கள் எல்லோரும் கோடைக்காலக் கறுப்பு மேலங்கியில்தான் வந்தார்கள். விடியற்காலை இரண்டரை மணி அளவில் முசோலினிக்கு எதிரான தீர்மானம் 19க்கு 8 என்று நிறைவேறியது. அன்று மாலை மன்னரைப் பார்க்கப் போன முசோலினி சாதாரண உடையில் போனார். அப்படி வரும்படி அரண்மனையிலிருந்து சொல்லியிருந்தார்கள். வெளியே வந்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றிக் கைது செய்தார்கள். இரவு பதினொரு மணிக்குள் வானொலி செய்தி சொல்லிவிட்டது. மக்கள் தூங்கும் உடையோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். கட்சிச் சின்னங்கள் தெருவெல்லாம் இறைந்து கிடந்தன. லட்சக்கணக்கில் ஆள் வைத்திருந்த தொண்டர் படை அசையவில்லை. தலைவருக்காக அன்று உயிரைவிட்ட ஒரே பிரமுகர், ஸ்தெஃபானி செய்தி நிறுவனத்தின் தலைவர் மன்லியோ மொர்காஞி. எல்லோருக்கும் போட்டுவிட்ட சட்டை யாருடைய சட்டையும் இல்லாமல் போனது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஜெர்மானியர் முசோலினியை மீட்டு வடக்கே ஒரு பொம்மை அரசில் உட்காரவைத்தார்கள். 1944 ஜூனில் ‘கறுப்புப் படைகள்’ என்று பழைய கும்பலைத் திரும்பவும் கட்டினார்கள். எஞ்சியிருந்தவர்கள் வெறிகொண்டவர்களும் வேறு போக்கிடம் இல்லாதவர்களும்தான். அந்த ஆகஸ்ட் 10 அன்று மிலானின் லொரேத்தோ சதுக்கத்தில் கைதிகள் 15 பேரைப் பாசிஸ்டுத் துணைப்படை ஒன்று சுட்டுக் கொன்று, உடல்களை வெயிலில் போட்டுக் காவல் நின்றது. உறவினர்களைக்கூட அருகே விடவில்லை.

1945 ஏப்ரல் 27 அன்று தொங்கோ கிராமத்தில், பின்வாங்கும் ஜெர்மானிய லாரி ஒன்றில் முசோலினி பிடிபட்டார். அவர் உடம்பில் இருந்தது ஜெர்மானியப் படைவீரனின் மேலங்கி, தலையில் ஜெர்மானிய இரும்புத் தொப்பி. பிடித்தவர்கள் கரிபால்டியின் பெயர் தாங்கிய விடுதலைப் படையினர். அந்தப் படைகளின் அடையாளம் கழுத்தில் கட்டிய சிவப்புத் துணி. மறுநாள் அவரைச் சுட்டார்கள். ஸ்தராச்சே மிலான் தெருவில் ஓட்டப்பயிற்சி உடையில் ஓடிக்கொண்டிருந்தபோது அடையாளம் காணப்பட்டார். 29ஆம் தேதி இருவர் உடலும் லொரேத்தோ சதுக்கத்தில் தலைகீழாகத் தொங்கின. பிணத்தை அப்படி நடத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தச் சதுக்கத்தை மக்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை முந்தைய ஆகஸ்டு சொல்லிவிடுகிறது.

1948 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இத்தாலியக் குடியரசின் அரசியலமைப்புச் சட்டம், 18ஆவது பிரிவில் குடிமக்கள் சுதந்திரமாகச் சங்கம் சேரும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவு, ராணுவத் தன்மை கொண்ட அமைப்புகளின் மூலம் மறைமுகமாகவேனும் அரசியல் நோக்கத்தை நாடும் சங்கங்களைத் தடை செய்கிறது. போனோமியின் சுற்றறிக்கை கேட்டதும் இதைத்தான். இடையில் கடந்தவை இருபத்தாறு ஆண்டுகள்.

(தொடரும்)